மனுஷனையும் பாருங்கள்

"மனுஷனைப் பார்க்காதீங்க, இயேசுவை மட்டும் பாருங்க." நம்முடைய சபைகளில் வளர்ந்த யாரும் இதைக் கேட்காமல் இருந்திருக்க முடியாது. கமிட்டியில் சண்டை வந்து ஒருவர் கோயிலுக்கு வருவதை நிறுத்திவிட்டால், கூப்பிடப் போகிறவர்கள் முதலில் சொல்வது இதைத்தான். மனம் நொந்தவருக்கு அது மருந்து, மறுக்கவில்லை. ஆனால் அதையே வாழ்நாள் கொள்கையாக்கி, பக்கத்தில் நின்று பாமாலை பாடுகிறவரிடம் ஒரு ஸ்தோத்திரம் மட்டும் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. விசுவாசத்தைப் பற்றி நான் கற்றதில் பெரும்பகுதி சக விசுவாசிகளிடம் கற்றது. பிரசங்க பீடத்தைவிட திண்ணைகளும் ஆஸ்பத்திரி வராந்தாக்களும் எனக்கு அதிகம் சொல்லிக் கொடுத்திருக்கின்றன.

அப்போஸ்தலனாகிய பவுலையே எடுத்துக்கொள்வோம். நடுக்கடலில் தேவதூதன் வந்து "பயப்படாதே" என்று சொல்லக் கேட்டவர். கப்பல் உடைந்தும் பிழைத்தவர். மெலித்தா தீவில் விரியன் பாம்பைக் கையிலிருந்து உதறிப் போட்டவர். இதற்கு மேல் ஒருவருக்கு என்ன தைரியம் வேண்டும்? ஆனால் அவர் கைதியாக ரோமாபுரிக்கு நடந்து வரும்போது, அங்கிருந்த சகோதரர்கள் சிலர் மூன்று சத்திரம் என்ற இடம் வரைக்கும், சிலர் இன்னும் தள்ளி அப்பியுபுரம் வரைக்கும் எதிர்கொண்டு வந்தார்கள். அப்பியுபுரம் ரோமிலிருந்து 60 கிலோமீட்டருக்கும் மேல். அவர்களைக் கண்டு பவுல் "தேவனை ஸ்தோத்திரித்துத் தைரியமடைந்தான்" என்கிறது வேதத்தில் அப்போஸ்தலர் 28ஆம் அதிகாரம். தூதனைக் கண்டவருக்கும் மனுஷ முகம் தேவைப்பட்டது. அவர்களுக்கு முன்பே எழுதிய ரோமர் நிருபத்தில், உங்கள் விசுவாசத்தால் நானும் ஆறுதலடைய வேண்டும் என்றுதான் எழுதியிருந்தார். அதே நிருபத்தின் 16ஆம் அதிகாரத்தைப் பெயர்ப் பட்டியல் என்று நாம் தாண்டிப் போகிறோம். நிதானமாக வாசித்தால் "எனக்கும் தாயாகிய" என்று ரூபின் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை வரும். அந்த அம்மா அவருக்கு என்ன செய்தார் என்று வேதம் சொல்லவில்லை. சோறு போட்டிருக்கலாம், காய்ச்சலில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். பவுல் மறக்கவில்லை.

எங்கள் தெருவில் ஒரு பெரியம்மா இருக்கிறார். பீடி சுற்றித்தான் பிள்ளைகளை ஆளாக்கினார். கோயிலில் கடைசியில், வாசல் ஓரமாக உட்காருவார். சாட்சி சொல்லக் கூப்பிட்டாலும் எழும்ப மாட்டார். சங்க ஜெபத்துக்கு ஆள் சொல்லப் போன ஒரு நாள் அவர் வீட்டுத் திண்ணையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். மடியில் சுளகு, விரல்கள் பாட்டுக்கு இலையைச் சுருட்டுகின்றன, உதடு மட்டும் அசைந்துகொண்டே இருக்கிறது. என்ன பெரியம்மா என்றேன். "ஒரு கட்டுக்கு ஒரு வீடுய்யா. இது உங்க வீட்டுக் கட்டு" என்றார். ஒரு கட்டு முடிகிறவரை ஒரு வீட்டுக்காக ஜெபம், நூலைச் சுற்றி முடித்ததும் அடுத்த வீடு. தெருவில் யாரையும் விடுவதில்லை. அவரோடு பல வருஷமாகப் பேச்சை நிறுத்தியிருக்கும் வீட்டுக்கும் ஒரு கட்டு உண்டு. "இடைவிடாமல் ஜெபம்பண்ணுங்கள்" என்ற வசனத்துக்கு எத்தனையோ விளக்கம் கேட்டிருக்கிறேன், அந்தச் சுளகுக்கு முன்னால்தான் அது எனக்கு விளங்கியது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் அவர் எனக்குக் கடைசி வரிசையில் ஒரு சேலைத் தலைப்பாகவே இருந்திருப்பார்.

இந்த நெருக்கத்தைத்தான் நம் மண்ணில் பிறந்த ஒருவர் உலகத்துக்கே முன்னால் கேட்டார். வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, பிற்பாடு தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல் பேராயர். 1910இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரதிநிதிகளில் ஆசியர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர்தான். அங்கே நின்று, ஏழைகளுக்கு உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உங்கள் சரீரத்தையும் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்றார். பணம் கேட்கவில்லை, பள்ளிக்கூடம் கேட்கவில்லை. மிஷனரிமார் இந்திய ஊழியர்களோடு ஒட்டாமல் தள்ளி நிற்பதைத்தான் அவர் முகத்துக்கு நேராகச் சொன்னார். இன்னொன்றும் சொன்னார்: கிறிஸ்துவின் மகிமையின் ஐசுவரியத்தை ஆங்கிலேயர் மட்டுமோ இந்தியர் மட்டுமோ முழுமையாக அறிய முடியாது, எல்லாரும் சேர்ந்து உழைத்து, சேர்ந்து ஆராதித்தால்தான் முடியும். அப்படியென்றால் நான் ஒதுக்கி வைக்கிற சகோதரனிடம் எனக்கு வரவேண்டிய பங்கு ஒன்று இருக்கிறது. அவன் வீட்டுக்குப் போகாதவரை அது எனக்குக் கிடைக்கப்போவதில்லை.

அசரியா அன்று வெள்ளைக்காரரிடம் கேட்டதை இன்று நாம் நம்மிடமே கேட்க வேண்டியிருக்கிறது. ஒரே அப்பத்தில் பங்குபெறுகிறோம், ஒருவர் வீட்டில் ஒருவர் கை நனைக்க யோசிக்கிறோம். சாதி பார்த்துத்தான் பல இடங்களில் ஐக்கியமே. சபைத் தேர்தல் வந்தால் ஒரே கோயிலில் இரண்டு அணி. நெருங்கிப் பழகினால் குறைகள் தெரியும் என்று பயப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: தெரியட்டும். வீட்டு ஜெபம் முடிந்து, காப்பி குடித்து, எல்லாரும் போன பிறகும் போகாமல் உட்கார்ந்திருப்பவரிடம்தான் ஒரு மனுஷன் தன் மகனின் குடியைப் பற்றி வாய் திறக்கிறான். வாட்ஸப் குழுவில் கைகூப்பும் படம் போடுவது அதற்கு ஈடாகாது.

சபையார் எல்லாரும் கூடிச் சாப்பிடும் அசனப் பண்டிகை வருகிறது. இப்போதெல்லாம் பாதிப் பேர் தூக்குவாளியோடு வந்து, வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். முடியாதவர்களுக்குக் கொடுத்தனுப்புவது சரி. மற்றவர்கள் பந்தலில் தெரு வாரியாக இல்லாமல் கலந்து, பந்தியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று கமிட்டியில் கேட்டிருக்கிறேன். இடம் போதாது என்கிறார்கள். போதாவிட்டால் இரண்டு பந்தி போடலாம், பரிமாற நான் நிற்கிறேன்.