சார்லஸ் பெர்கின்ஸ் அரசுப் பணியிலும் இருந்தவர்

கான்பெராவில் 'சார்லஸ் பெர்கின்ஸ் இல்லம்' எனப்படும் அரசு அலுவலகக் கட்டடத்துக்கு, அரசுப் பணியில் ஒருநாளும் இருந்திராத ஒரு போராட்டக்காரரின் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது என்றொரு தகவல் பகிரப்பட்டு வருகிறது. பணிவுடன் ஒரு திருத்தம்: அவர் போராட்டக்காரர் என்பது உண்மை; அரசுப் பணியில் இருந்ததில்லை என்பது சரியன்று.

ஆஸ்திரேலியப் பூர்வகுடியினரான பெர்கின்ஸ், 1965இல் சிட்னி பல்கலைக்கழக மாணவர்களுடன் பேருந்தில் ஊர் ஊராகச் சென்றபோது, மோரி நகர நீச்சல் குளத்தில் பூர்வகுடிக் குழந்தைகளுக்கு இருந்த தடையை எதிர்த்து, அந்தக் குழந்தைகளையே அழைத்துக்கொண்டு குளத்தின் வாசலில் போய் நின்றவர். பலருடைய நினைவில் அந்தக் காட்சி மட்டுமே தங்கிவிட்டது. குழப்பம் அதனால்தான் வந்திருக்க வேண்டும். ஆனால் 1969இல் கான்பெராவில் பூர்வகுடியினர் விவகார அலுவலகத்தில் சேர்ந்த அவர், படிப்படியாக உயர்ந்து, 1984 முதல் 1988 வரை பூர்வகுடியினர் விவகாரத் துறையின் செயலாளராகவே இருந்தார். கூட்டரசின் துறை ஒன்றுக்குச் செயலாளரான முதல் பூர்வகுடி மனிதர் அவர்தான். கோப்புகளுக்கு நடுவே அவர் உழைத்த அந்த ஆண்டுகள் மறக்கப்படுவது எனக்கு உண்மையிலேயே வருத்தமளிக்கிறது.

இதை யாரும் சரிபார்க்கலாம். ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் 'ட்ரோவ்' இணையத்தளத்தில் கான்பெரா டைம்ஸ் நாளிதழின் அக்கால இதழ்கள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. அவருடைய பெயரையும் துறையின் பெயரையும் இட்டு, 1984 முதல் 1988 வரையிலான இதழ்களில் மட்டும் தேடினால், செயலாளர் என்ற பதவிப் பெயருடனேயே செய்திகளைக் காணலாம்.