மூடின கம்பெனியின் லோகோவை வைத்துக் கைதட்டல் வாங்குகிறவர்களுக்கு

அந்த வீடியோவை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். பார்த்துவிட்டேன். கோயம்புத்தூர் கல்லூரி மேடை, பின்னால் பெரிய திரை, அதில் நாங்கள் திருப்பூரில் நடத்தி மூடிய செயலிக் கம்பெனியின் லோகோ, அதன் மேல் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி, கீழே "பாதியில் இறங்கியவர்கள்" என்று தலைப்பு. "இவங்ககிட்ட காசு இருந்துச்சு, கஸ்டமர் இருந்தாங்க, ஒண்ணே ஒண்ணுதான் இல்ல... தீ!" என்று மேடையில் பேசுகிற அண்ணன் நெஞ்சில் தட்டிக் காட்ட, பிள்ளைகள் எழுந்து நின்று கைதட்டுகிறார்கள். பெயரைச் சொல்லப் போவதில்லை. உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்கு என் மூலமாகத் தெரிந்து, அவருக்கு இன்னும் நாலு மேடை கிடைக்க வேண்டாம்.

லோகோவை எடுத்துப் போட யாரைக் கேட்டார் என்று முதலில் கோபம் வந்தது. அப்புறம், சரி, செத்த கம்பெனிக்கு என்ன மரியாதை என்று விட்டுவிட்டேன். எங்களிடம் சப்போர்ட்டில் இருந்த தம்பி, இப்போது இருக்கும் கம்பெனியின் ஸ்டாலுக்காக அங்கே போயிருக்கிறான். "அக்கா, எந்திரிச்சுப் பேசட்டுமா?" என்று மெசேஜ் போட்டான். "வேண்டாண்டா, சோறு போட்டாங்கன்னா சாப்பிட்டுட்டு வா" என்றேன். அவன் பேசாததால் நான் பேசுகிறேன்.

காசு இருந்தது என்று அண்ணன் சொன்னது உண்மை. காசு இருந்ததால்தான் மூடினோம். காசு இருக்கும்போது மூடினால்தான் எல்லோருக்கும் கொடுக்க வேண்டியதைக் கொடுக்க முடியும். இது புரிய எம்பிஏ வேண்டாம், மளிகைக் கடையில் பாக்கி வைத்துப் பழக்கம் இருந்தால் போதும்.

புதிதாக வந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திருப்பூரில் ஒரு பனியன் உருவாக நூல் நிட்டிங்குக்குப் போகும். சாயம் ஏறாத அந்த கிரே துணி டையிங்குக்குப் போகும். அங்கிருந்து காம்பேக்டிங், கட்டிங், பிரிண்டிங், பவர்டேபிள் என்கிற தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங். ஒவ்வொன்றும் ஒவ்வொரு சந்தில், ஒவ்வொரு ஆளிடம். போகும்போது ஒரு எடை, வரும்போது ஒரு எடை. நடுவில் குறைந்த கிலோ யார் தலையில் என்பதில்தான் ஊரில் பாதிச் சண்டை. டிசி புக்கில், அதாவது சரக்கோடு போகும் டெலிவரி சலான் புத்தகத்தில், கார்பன் தாள் வைத்து எழுதிக்கொண்டிருந்த அந்த ஜாப் ஒர்க் கணக்கை நாங்கள் போனுக்குக் கொண்டுவந்தோம். நன்றாகவே வேலை செய்தது. "அருமையா இருக்குதுங் அம்மிணி" என்பார்கள். மாதச் சந்தா என்று வாயைத் திறந்தால், "அதென்னத்துக்குங்க மாசாமாசம்? ஒரே தடவையா ஒரு ரேட்டைச் சொல்லுங்க, குடுத்துடறேன்" என்பார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். சரக்கு வாங்குகிற பையரிடமிருந்து பணம் வர மூன்று மாதம் ஆகிற தொழிலில் மாதம் பிறந்தால் கட்டு என்று ஒரு செயலி வந்து நின்றால் யாருக்கும் எரிச்சல்தான் வரும். ஒரு யூனிட்டில் டிசி போடுகிற பையனுக்குச் சொல்லிக்கொடுத்து முடிப்போம். தீபாவளிக்கு ஊருக்குப் போனவன் திரும்பி வரும்போது வேறு கம்பெனியில் இருப்பான். மறுபடி அடுத்த பையனுக்கு அ, ஆ. 2022 மே மாதம் நூல் விலையை எதிர்த்து ஊரே இரண்டு நாள் கதவடைத்தது ஞாபகம் இருக்கும். பின்னாலேயே ஏற்றுமதி ஆர்டரும் படுத்தது. அந்த நேரத்தில் ஒரு முதலாளி முதலில் எந்தச் செலவை வெட்டுவார்? எங்களைத்தான். நானாக இருந்தாலும் அதைத்தான் வெட்டியிருப்பேன்.

ஆக, கஸ்டமர் இருந்தார்கள். பணம் கட்டுகிற கஸ்டமர் போதவில்லை. இந்த வித்தியாசம் ஸ்லைடில் வராது.

நானும் பார்ட்னரும் ஒரு தொகையைத் தனியாக எழுதி வைத்திருந்தோம். எல்லோருக்கும் நோட்டீஸ் காலச் சம்பளம், பிஎஃப், சர்வர் பில், ஆடிட்டர் ஃபீஸ், முன்பணமாகச் சந்தா கட்டியவர்களுக்குத் திருப்பித் தர வேண்டியது, எல்லாம் சேர்த்து. பேங்க் பேலன்ஸ் அந்தத் தொகையை நெருங்கினால் நிறுத்திவிடுவது என்று பேச்சு. 2023 மார்ச்சில் நெருங்கியது. நிறுத்தினோம். அவ்வளவுதான் கதை. அழுகை உண்டு, ஆனால் அது உங்களுக்கான கன்டென்ட் இல்லை.

"இன்னும் ஆறு மாசம் இழுத்திருந்தா ஏதாவது நடந்திருக்குமே?"

நடந்திருக்கும். சம்பளம் நின்றிருக்கும். ஆறு மாதம் இழுத்திருக்கலாம் என்கிறவர்கள் யாருடைய ஆறு மாதத்தை எடுத்து இழுக்கச் சொல்கிறார்கள்? என்னுடையதை மட்டும் என்றால் இரண்டு வருடம்கூட இழுத்திருப்பேன். வீட்டு வாடகையும் பைக் டியூவும் கட்டுகிற ஒருவனிடம் போய் "கம்பெனி மேல நம்பிக்கை வை தம்பி, அடுத்த மாசம் சேர்த்துப் போட்டுடறோம்" என்று சொல்வதற்குப் பெயர் தீ என்றால், எனக்கு அந்தத் தீ வேண்டாம்.

"பிவட் பண்ணி, தொழிலை வேற பக்கம் திருப்பியிருக்கலாமே?"

பண்ணினோம். அடுத்த கேள்வி.

"முதலீடு போட்டவங்களுக்கு என்ன பதில்?"

அவர்களிடமே பதில் சொல்லிவிட்டேன், கணக்கோடு. மிஞ்சியது எவ்வளவோ அதை ஒப்பந்தப்படி பிரித்தோம். போட்ட பணத்தில் பெரும்பகுதி போய்விட்டது, மறைக்கவில்லை. அவர்களில் ஒருவர் இன்றைக்கும் வீட்டு விசேஷத்துக்குப் பத்திரிகை வைக்கிறார். மேடையில் என்னைத் திட்டிய அண்ணன் எங்கள் கம்பெனியில் ஒரு ரூபாய் போட்டதில்லை. போட்டவர்களுக்கு வராத கோபம் இவருக்கு எங்கிருந்து வருகிறது?

"வேலை போனவங்க?" எல்லோருக்கும் உடனே கிடைத்துவிடவில்லை. ஒருவருக்கு நாள் பிடித்தது. அதை அவரிடம் பேசிக்கொள்கிறேன், இங்கே இல்லை.

அப்புறம் இன்னொன்று, யாரும் கமெண்டில் எழுத மாட்டார்கள், டீக்கடையில் சொல்வார்கள். "புள்ளைக்குக் கல்யாணம் ஆச்சு, அதான் மூடிட்டா." பார்ட்னருக்கும் அதே வருடம்தான் கல்யாணம் ஆனது. அவனை ஒருவர்கூட அப்படிக் கேட்டதில்லை. அவன் மூடினால் வியாபார முடிவு, நான் மூடினால் மாமியார் வீட்டு முடிவு. சிரித்துக்கொண்டே கடந்துவிடுவேன் என்று நினைக்கிறார்கள். சிரித்துத்தான் கடந்தேன், இத்தனை நாளும்.

"கடையைச் சாத்திட்டுப் போயிட்டாங்க" என்றும் ஒரு வரி வருகிறது அந்தப் பேச்சில். அண்ணனுக்கு ஒரு பிரைவேட் லிமிடெட் எப்படி மூடுகிறது என்று தெரியுமா? ஆரம்பிப்பது சில நாள் வேலை. மூடுவதற்கு, ஜிஎஸ்டி பதிவை ரத்து செய்து மூன்று மாதத்துக்குள் ஜிஎஸ்டிஆர்-10 என்ற கடைசி ரிட்டர்ன் போட வேண்டும். பிஎஃப் தளத்தில் ஒவ்வொருவருக்கும் வேலையை விட்ட தேதியை ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் அவர்கள் பணத்தை எடுக்க அலைவார்கள். கம்பெனிகள் சட்டத்தின் 248வது பிரிவில் பதிவேட்டிலிருந்து கம்பெனிப் பெயரை நீக்கக் கேட்பதென்றால் இரண்டு நிதியாண்டு வியாபாரமே இல்லாமல் இருக்க வேண்டும், ஒரு பாக்கியும் நிற்கக் கூடாது, பங்குதாரர்கள் சம்மதிக்க வேண்டும். அதுவரை இல்லாத வியாபாரத்துக்கு வருடாவருடம் ஆடிட். பிறகு பெயரை நீக்கக் கேட்கும் எஸ்டிகே-2 படிவம், 10,000 ரூபாய் கட்டணம். அந்த விண்ணப்பம் போய்ச் சேர்வது ஹரியானா மானேசரில் 2023ல் திறந்த சி-பேஸ் என்ற, கம்பெனி மூடும் விண்ணப்பங்களைக் கவனிக்கிற அலுவலகத்துக்கு. கூடவே, "நாளைக்கு எவராவது வந்து கம்பெனி எனக்குப் பாக்கி என்று நிரூபித்தால் என் கையிலிருந்து தருகிறேன்" என்ற அர்த்தத்தில் இயக்குநர் ஒவ்வொருவரும் முத்திரைத்தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். நான் எழுதிக் கொடுத்தேன். தைரியமாகக் கொடுத்தேன், ஏனென்றால் யாருக்கும் பாக்கி இல்லை. எல்லோருக்கும் கொடுக்க வேண்டியதைக் கொடுக்க முடிகிறபோதே மூடியதால்தான் அந்தப் பாக்கி இல்லை. திரும்பத் திரும்ப இதையே சொல்கிறேன் என்று உங்களுக்குத் தோன்றினால், ஆமாம், இது ஒன்றுதான் நான் சொல்ல வந்தது.

நம் ஊரில் வெளிப்படையாக மூடுகிறவனுக்கு என்ன நடக்கும் என்பதற்கு சென்னையிலேயே உதாரணம் உண்டு. தங்குமிடம் பதிவு செய்து தந்த ஸ்டேஸில்லா என்ற கம்பெனி 2017 பிப்ரவரியில் மூடுவதாகப் பகிரங்கமாக அறிவித்தது. அடுத்த மாதமே, விளம்பர நிறுவனம் ஒன்றுக்குத் தர வேண்டிய பாக்கி பற்றிய தகராறில், அதன் நிறுவனர் யோகேந்திர வசுபாலைச் சென்னைப் போலீஸ் கைது செய்தது. யார் பக்கம் நியாயம் என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. ஆனால் அந்தச் செய்தியைப் படித்த எத்தனை பேர் "பேசாமல் கதவைப் பூட்டிவிட்டு போனை அணைத்துவிடுவதே மேல்" என்று முடிவு செய்திருப்பார்கள்? இன்னொரு பக்கம் ஆன்லைனில் பாடம் நடத்திய பைஜூஸ். 2022ல் 2,200 கோடி டாலர் மதிப்பு, 2024 ஜூலையில் திவால் நடவடிக்கை, நடுவில் சம்பளத்துக்குக் காத்திருந்த ஊழியர்கள். தீக்குக் குறைவே இல்லை அங்கே.

உடனே சிலர் ஆறுதலாக ஸ்டூவர்ட் பட்டர்ஃபீல்ட் கதையை எடுத்துக்கொண்டு வருவார்கள். கிளிட்ச் என்ற விளையாட்டை 2012ல் மூடினார், அதிலிருந்து ஸ்லாக் என்ற ஆபீஸ் மெசேஜ் செயலி பிறந்தது, அது 2,770 கோடி டாலருக்கு சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற மென்பொருள் கம்பெனிக்குப் போனது. நல்ல கதைதான். ஆனால் நான் மூடியது சரி என்று ஒத்துக்கொள்ள நான் இன்னொரு கம்பெனி ஆரம்பித்து 2,770 கோடி டாலருக்கு விற்க வேண்டுமா? நான் இப்போது ஒரு கம்பெனியில் வேலைக்குப் போகிறேன். ஒன்றாம் தேதி சம்பளம் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை தூங்குகிறேன். இதுவும் அடுத்த கட்டம்தான். அதை யாரும் ஸ்லைடில் போட மாட்டார்கள்.

அப்பா கதையைச் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

பெருமாநல்லூர் ரோட்டில் சின்ன பனியன் கம்பெனி வைத்திருந்தார். 2011 ஜனவரிக் கடைசியில் உயர் நீதிமன்ற உத்தரவில் திருப்பூர் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. அந்தத் தீர்ப்பைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது, சாயக்கழிவு தேங்கிய ஒரத்துப்பாளையம் அணைத் தண்ணீரைப் பார்த்தவள் நான். ஆனால் அப்பா அன்றைக்கே மெஷின்களை விற்றிருந்தால் எல்லாக் கணக்கையும் தீர்த்து, கையில் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். துணியை வெளியூருக்கு அனுப்பிச் சாயம் போட்டு வாங்கினார். லாரி வாடகையிலேயே லாபம் போனது. சனிக்கிழமைச் சம்பளத்துக்கு வெள்ளிக்கிழமை கடன் வாங்கினார். ஒரு தீபாவளி போனஸுக்கு அம்மாவின் தாலிக்கொடி அடகுக்குப் போனது. ஊர் அவரைக் கொண்டாடியது. "மனுசன் அசையாம நிக்கறாருப்பா" என்று கல்யாண வீடுகளில் சொல்வார்கள், நான் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். நான் ப்ளஸ் டூ படிக்கும்போது வீட்டுக்குள் மஞ்சக் கடுதாசி, அதாவது திவால் நோட்டீஸ், என்ற பேச்சு வந்தது. அவிநாசிப் பக்கம் இருந்த பூமியை விற்றுத்தான் அந்தக் கடுதாசி வராமல் தடுத்தோம். அசையாமல் நின்றதற்குக் கைதட்டியவர்களில் ஒருவரும் வட்டியில் பங்கு கட்டவில்லை. கடைசியாக டெய்லர் ஒருவருக்குத் தர வேண்டிய பாக்கியை அப்பா நான் வேலைக்குப் போன பிறகு கொண்டுபோய்க் கொடுத்தார். அதுவரை அந்த டெய்லர் வீடு இருக்கும் தெரு வழியாக வண்டி ஓட்ட மாட்டார், சுற்றிக்கொண்டு போவார்.

நான் கம்பெனியை நிறுத்தப் போகிறேன் என்று சொன்னபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "யாருக்காச்சும் குடுக்க வேண்டியது நிக்குதா சாமி?" இல்லை என்றேன். "அப்பறம் என்ன" என்று டிவியைப் போட்டுவிட்டார்.

மூன்று நாளாக இந்தப் பதிவை எழுதாமல் இருந்ததற்கும் இன்று எழுதுவதற்கும் காரணம் அந்த அண்ணன்கூட இல்லை. வீடியோ சுற்றியதும் ஒரு பையன் இன்பாக்ஸில் வந்தான். இன்ஜினியரிங் மூன்றாம் வருடத்தில் கல்லூரியில் சொன்னார்கள் என்று நண்பர்கள் மூன்று பேர் சேர்ந்து பிரைவேட் லிமிடெட் பதிவு செய்திருக்கிறார்கள். போட்டோ எடுத்தார்கள், சான்றிதழ் கொடுத்தார்கள், கல்லூரியின் ஸ்டார்ட்அப் எண்ணிக்கையில் ஒன்று கூடியது. படிப்பு முடிந்து ஆளுக்கொரு திசை. கம்பெனி ஒரு பில்கூடப் போட்டதில்லை. பில் போடாவிட்டாலும் வருடாவருடம் கணக்கும் ரிட்டர்னும் தாக்கல் செய்ய வேண்டும், தவறினால் ஒவ்வொரு படிவத்துக்கும் நாளுக்கு 100 ரூபாய் ஏறிக்கொண்டே போகும் என்று இவர்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. தொடர்ந்து மூன்று வருடம் தாக்கல் செய்யாவிட்டால் ஐந்து வருடம் எந்தக் கம்பெனியிலும் புதிதாக இயக்குநர் ஆக முடியாது என்பதும் தெரியாது. 2017ல் இப்படி மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட இயக்குநர்கள் தகுதி இழந்தார்கள் என்பது மட்டும் எப்படித் தெரியும்?

"அக்கா, வேலையே செய்யாத கம்பெனி தானா மூடிக்காதா?" என்று கேட்கிறான். இருபத்திரண்டு வயது. இவனைப் போன்றவர்கள் நிறைந்த அரங்கத்தில்தான் அண்ணன் "இறங்காதே" என்று கத்திவிட்டுச் சால்வையை வாங்கிக்கொண்டு காரில் ஏறினார்.

ஆரம்பிக்கச் சொல்லிக்கொடுக்க ஊருக்கு ஊர் ஆள் இருக்கிறது, மென்டர் இருக்கிறது, போட்டி இருக்கிறது, பரிசு இருக்கிறது. மூடச் சொல்லிக்கொடுக்க ஒரு வகுப்பு, ஒரே ஒரு வகுப்பு, எந்தக் கல்லூரியிலாவது நடந்ததா? நடந்திருந்தால் கமெண்டில் சொல்லுங்கள், உண்மையிலேயே சந்தோஷப்படுவேன். "நெகட்டிவா பேசாதீங்க மேடம்" என்று வருகிறவர்கள் தயவுசெய்து முதலில் இந்தப் பையனின் லேட் ஃபீஸைக் கட்டிவிட்டு வாருங்கள்.

தம்பி, நீ அனுப்பிய பேப்பரை எங்கள் ஆடிட்டரிடம் காட்டினேன். விட்டுப்போன ரிட்டர்ன்களைப் போட்டுவிட்டு எஸ்டிகே-2 போகலாம் என்கிறார். முதலில் மூன்று பேருடைய டிஜிட்டல் கையெழுத்தும் காலாவதி ஆகிவிட்டதா என்று பார்த்துச் சொல். இதே நிலையில் வேறு யாராவது இருந்தால் கூச்சப்படாமல் இன்பாக்ஸுக்கு வாருங்கள். சனி, ஞாயிறு பதில் போடுகிறேன், மற்ற நாட்களில் எனக்கு ஆபீஸ் இருக்கிறது.