எடை போடுறத போட்லயே போடுங்க, மீன அங்கயே விடுங்க

நேரா விஷயத்துக்கு வர்றேன். ஸ்மால்மவுத் பாஸ்னு வட அமெரிக்க நன்னீர் மீன் ஒண்ணு இருக்கு, அதுக்கான தூண்டில் டோர்னமென்ட்ல பிடிச்ச மீன லைவ்வெல்ல, அதாவது போட்லயே இருக்கற தண்ணித் தொட்டில போட்டு, நாள் பூரா ஏரி முழுக்க சுத்திட்டு, கடைசில கரைக்கு கொண்டு வந்து எல்லார் முன்னாடியும் எடை போடுற பழக்கம் போதும். வெயில் காலத்துலயாவது இத நிறுத்திட்டு பிடிச்ச இடத்துலயே எடை போட்டு விட்டுடணும்னு கிளப்ல ரொம்ப நாளா சொல்லிட்டு இருக்கேன், இப்ப இங்கயும் எழுதறேன். டோர்னமென்ட்டே வேணாம்னு சொல்ற ஆள் நான் இல்ல. பனிக்காலம் பூரா அந்த சனிக்கிழமைகளுக்காகத்தான் காத்துக்கிட்டு இருப்பேன், இந்த விளையாட்டு மேல இருக்கற பாசத்துலதான் சொல்றேன்.

தெரியாதவங்களுக்காக கொஞ்சம் விளக்கிடறேன். நான் போட்டி போடறது பெரும்பாலும் லேக் சிம்கோல, டொராண்டோல இருந்து வடக்க கார்ல ஒரு மணி நேரம். ஏரின்னதும் நம்ம ஊர் ஏரிய நினைச்சுக்காதீங்க, இது 700 சதுர கிலோமீட்டருக்கு மேல, மூட்டமான காலைல நடுவுல நின்னா எந்தப் பக்கமும் கரையே தெரியாது, காத்து எழும்பிடுச்சுன்னா போட் அலைல ஏறி ஏறி விழும், இடுப்பு கழண்டு போயிடும். விடிஞ்சதும் நம்பர் வரிசைப்படி போட்டெல்லாம் ஒவ்வொண்ணா கெளம்பும். மத்தியானம் சொன்ன நேரத்துக்குள்ள திரும்பிடணும், லேட்டானா நிமிஷத்துக்கு இவ்வளவுன்னு எடைல கழிச்சிடுவாங்க. கணக்குக்கு அஞ்சு மீன்தான். ஆறாவதா பெருசு ஒண்ணு மாட்டினா இருக்கறதுல சின்னத தண்ணில விட்டுட்டு புதுச வச்சுக்கலாம், இதுக்கு கல்லிங்னு பேரு. அப்படி மாத்தி வைக்கணும்னா ஒன்டாரியோ சட்டப்படி லைவ்வெல் குறைஞ்சது 46 லிட்டர் இருக்கணும், மோட்டார் வச்சு காத்து ஓடிக்கிட்டே இருக்கணும். கடைசில எடை போட்டுட்டு ஏரிலயே விட்டுடுவோம், செத்த மீன் கொண்டு வந்தா எடைல பெனால்டி. கேக்கும்போது எல்லாமே சரியா இருக்கற மாதிரிதான் தோணும்.

ஸ்மால்மவுத்த கைல பிடிச்சுப் பாத்தவங்களுக்குத்தான் அதோட அருமை தெரியும். வெண்கல நிறம், உடம்புல மேலருந்து கீழ இறங்குற கருப்புப் பட்டை, செவந்த கண்ணு. ஹூக் பட்டதும் ஆழத்துக்குப் போகாம நேரா மேல வந்து தண்ணிக்கு வெளிய எகிறி தலைய ஆட்டும் பாருங்க, அந்த ஒரு நொடில எத்தனையோ பேரோட பரிசுப் பணம் கைநழுவிப் போயிருக்கு. ஆறு பவுண்டு, எட்டு பவுண்டு இழுவை மட்டுமே தாங்கற மெல்லிசு நூல் நுனில (லீடர்), ஒல்லியான ஸ்பின்னிங் ராட்ல, அஞ்சு பவுண்டு ஸ்மால்மவுத் ஒண்ண போட் பக்கம் கொண்டு வர்றதுக்குள்ள கை நடுங்கிடும். எனக்கு இன்னமும் நடுங்குது.

இந்த மீனுங்க இப்ப இவ்வளவு பெருசா வர்றதுக்கு ஒரு காரணம் ரவுண்ட் கோபி. கருங்கடல், காஸ்பியன் கடல் பக்கத்து சின்ன மீன் அது. கப்பல்ல பாரத்துக்கு நிரப்பற பாலஸ்ட் தண்ணியோட வந்து, 1990ல செயின்ட் கிளேர் ஆத்துல கண்ணுல பட்டுச்சு. சிம்கோ பக்கம் 2004ல பெஃபர்லா ஓடைல பாத்தாங்க, அடுத்த வருசம் மருந்து ஊத்தி அழிக்கப் பாத்தாங்க, முடியல, ஏரிக்குள்ள வந்துடுச்சு. வந்த கோபி பாஸ் முட்டைய திங்குது, அந்த கோபியவே தின்னு பெரிய பாஸெல்லாம் கொழுத்துப் போச்சு. ஒன்டாரியோ ஏரியும் செயின்ட் லாரன்ஸ் ஆறும் சேர்ற பக்கம் 2022ல நடந்த பாஸ்மாஸ்டர் எலீட்ங்கற பெரிய தொழில்முறை தொடர்ல ஜே ப்ரெஸ்குராட்னு ஒரு சின்னப் பையன் நாலு நாள்ல 20 ஸ்மால்மவுத் 102 பவுண்டு 9 அவுன்ஸ் கொண்டு வந்தான். மீனுக்கு சராசரியா அஞ்சு பவுண்டுக்கு மேல! ஸ்மால்மவுத் மட்டுமே வச்சு எலீட்ல 100 பவுண்டு தாண்டினது அதுதான் முதல் தடவை. எங்க ஏரில கூட அஞ்சு மீன் 20 பவுண்டுன்னு கொண்டு வந்தா இப்பல்லாம் யாரும் திரும்பிப் பாக்கறதில்ல. ஆனா இந்தக் குளிர் நாட்டு ஏரில அஞ்சு பவுண்டு மீன்னா அது பல வருசம் வளந்திருக்கும்ங்கறத மறந்துடக் கூடாது. ஒண்ணு போனா அந்த இடம் நிரம்ப அவ்வளவு வருசம் ஆகும்.

அடுத்தது ஆழம், என் கவலையெல்லாம் இங்கதான். வெயில் ஏற ஏற ஸ்மால்மவுத் ஆழத்துக்கு இறங்கிடும், 30 அடி, சில சமயம் 40 அடி. முன்னாடி அந்த ஆழத்துல மீன் எங்க இருக்குன்னு கண்டுபிடிக்கறதே பாதி வேலை. 2018ல கார்மின் கம்பெனியோட லைவ்ஸ்கோப் வந்துச்சு, தண்ணிக்கடில இருக்கறத ஒலி அலை வச்சு அப்பவே ஸ்கிரீன்ல காட்டற சோனார் கருவி, பின்னாடியே மத்த கம்பெனியும் கொண்டு வந்துட்டாங்க. இப்ப ஸ்கிரீன்ல மீன் நீந்தறதே தெரியுது, நம்ம டிராப் ஷாட் (அடில குண்டு கட்டின தூண்டில்) இறங்கறதும், அது திரும்பிப் பாக்கறதும், பின்னாடியே வர்றதும் தெரியுது. இந்த சோனார் வேணுமா வேணாமான்னு பெரிய சண்டையே ஓடுது. மேஜர் லீக் ஃபிஷிங்னு அமெரிக்காவுல ஒரு பெரிய போட்டி அமைப்பு, அவங்க ப்ரோ டூர்ல 2025ல ஒரு நாளோட மூணு பீரியட்ல ஒண்ணுல மட்டும்தான் இத பாக்கலாம்னு கட்டுப்பாடு வச்சாங்க. அந்த சண்டைக்குள்ள நான் போகல. ஆழத்து மீன வெயில் காலத்துல இவ்வளவு சுலபமா, இவ்வளவு பேரு பிடிக்க ஆரம்பிச்சது இதுக்கப்புறம்தான், எனக்கு அது போதும்.

33 அடி ஆழத்துல தண்ணியோட அழுத்தம் மேல இருக்கறத விட ரெண்டு மடங்கு. அங்க இருக்கற மீன மேல கொண்டு வந்தா அதோட வயித்துக்குள்ள இருக்கற காத்துப்பை ரெண்டு மடங்கா விரியப் பாக்கும். சில வகை மீன் அந்தக் காத்த வாய் வழியா ஏப்பம் மாதிரி வெளிய விட்டுடும், பாஸால அது முடியாது, காத்துப்பைக்கும் தொண்டைக்கும் வழியே கிடையாது. பிடிச்ச உடனே விட்டா தலைய குத்திக்கிட்டு நேரா கீழ போயிடும், பழைய ஆழத்துக்குப் போனதும் அழுத்தம் சரியாகிடும். லைவ்வெல்ல போட்டா அது எங்க போகும்? ஒன்றரை அடி தண்ணிதான் அதுக்கு.

போன ஆகஸ்ட்ல பார்ட்னரோட லைவ்வெல் மூடிய திறந்து பாத்தப்ப கண்டது இன்னும் கண்ணுலயே நிக்குது. நல்ல மீன், அஞ்சு பவுண்டு தாண்டும். ஒருச்சாஞ்சு கெடக்கு, வால் மேல தூக்கிக்கிட்டு, வயிறு உப்பி, அடிக்கு இறங்கணும்னு வால அடிக்குது, இறங்க முடியல, திரும்ப மேல வந்து சாயுது. பம்ப் ஓடுது, ஐஸ் பாட்டில் போட்டிருக்கு, மருந்து போட்டிருக்கு, சட்டம் சொன்னது எல்லாமே இருக்கு. துடுப்புல க்ளிப் வெயிட் மாட்டி நிமித்தி வச்சோம், கொஞ்சம் நின்னுச்சு. சிலர் ஊசி குத்தி காத்த எறக்குவாங்க, ஃபிஸ்ஸிங்னு சொல்லுவாங்க, தெரிஞ்சவங்க செஞ்சா மீன் பிழைக்கும், தெரியாதவங்க குத்தினா உள்ளுறுப்புல ஓட்டை. அலைல ஆடற போட்ல, அடுத்த மீன பிடிக்கற அவசரத்துல, எத்தனை பேரு அத சரியா செய்வாங்கன்னு நீங்களே யோசிங்க.

அப்புறம் திரும்பி வர்ற ஓட்டம். தோரா தீவு பக்கம் பிடிச்ச மீன ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கற மரினாவுக்கு அலைல குலுக்கிக் கொண்டு வந்து, பையில போட்டு, வெயில்ல லைன்ல நின்னு, எடை போட்டு, போட்டோ எடுத்து, துறைமுகத்துலயே விடுறோம். மேல் தண்ணி வெதுவெதுன்னு இருக்கு, அது ஆழத்துக் குளிர்லருந்து வந்த மீன். நீந்திப் போயிடுச்சுன்னு எல்லாரும் கை தட்டிட்டு வீட்டுக்கு வந்துடறோம். ரெண்டு நாள் கழிச்சு செத்தா அது எந்த பெனால்டி கணக்குலயும் வராது. பிழைச்ச மீன் எல்லாமும் வீடு திரும்பறதில்ல. 2003ல பல ஆய்வ ஒண்ணா சேத்துப் பாத்தப்ப டோர்னமென்ட்ல விட்ட ஸ்மால்மவுத்ல ஏறக்குறைய மூணுல ஒரு பங்குதான் பிடிச்ச இடத்துக்கே திரும்பிப் போனதா வந்துச்சு. மிச்சம் எங்கயாவது புதுசா பாறையும் இரையும் தேடணும்.

மீனோட சுபாவத்துக்கு ஏத்த மாதிரி விதி வைக்கறது நமக்குப் புதுசும் இல்ல. சிம்கோல ஜூன் பாதி தாண்டற வரைக்கும் பாஸ் சீசன் திறக்க மாட்டாங்க. ஸ்மால்மவுத்ல முட்டைக்கு காவல் நிக்கறது அப்பா மீன், அத கூட்டுல இருந்து தூக்கிட்டா சில நிமிஷத்துல கோபியும் மத்த மீனும் வந்து முட்டைய காலி பண்ணிடும். கிங்ஸ்டன் குயின்ஸ் பல்கலைக்கழகத்தோட ஆய்வு நிலையம் இருக்கற ஓபினிகன் ஏரில இதப் பத்தி வருசக் கணக்கா வேலை பண்ணியிருக்காங்க. அந்த விதிய யாரும் குறை சொல்றதில்ல, காரணம் புரிஞ்சதால ஏத்துக்கிட்டோம். ஆழத்து மீன் விஷயத்துல காரணம் அத விட தெளிவா கண்ணு முன்னாடியே மிதக்குது.

எதிர்ல என்ன சொல்றாங்கன்னு எனக்குத் தெரியும். முதல்ல, திருட்டு. போட்ல எடை போட்டா யாரு நம்புவாங்கன்னு கேக்கறாங்க. 2022 செப்டம்பர்ல க்ளீவ்லேண்ட்ல எரீ ஏரில வால்ஐங்கற மீனுக்கு நடந்த டோர்னமென்ட்ல மீன் வயித்துக்குள்ள ஈயக் குண்டு இருந்தத ஊரே பாத்துச்சே, அது எங்க நடந்துச்சு? கரைல, எல்லார் முன்னாடியும் எடை போடற டோர்னமென்ட்ல. நாள் பூரா மீன் உங்க கையில இருந்தாத்தான் அதுக்குள்ள எதையாவது திணிக்க நேரம் கிடைக்கும். போட்ல பிடிச்ச நிமிஷமே கேமரா முன்னாடி எடை போட்டு விட்டுட்டா அதுக்கு வாய்ப்பே குறைவு.

ரெண்டாவது, மேடை போயிடும், பாக்க வர்ற ஜனம் போயிடும், ஸ்பான்சர் போயிடுவாங்கன்னு சொல்றாங்க. இது எனக்கும் வலிக்கற விஷயம்தான். ஒன்டாரியோக்காரர் கிறிஸ் ஜான்ஸ்டன் 2020ல செயின்ட் லாரன்ஸ்ல ஜெயிச்சு எலீட் சீரிஸ் ஜெயிச்ச முதல் கனடாக்காரர் ஆனாரு, 2024ல ஆங்லர் ஆஃப் தி இயரும் அவர்தான். ரெண்டு கையிலயும் மீன தூக்கிப் பிடிக்கற அந்த போட்டோ இல்லாம இந்த விளையாட்ட நினைச்சுப் பாக்கறது கஷ்டம், ஒத்துக்கறேன். ஆனா மேஜர் லீக் ஃபிஷிங்கோட ப்ரோ டூர் பல வருசமா போட்லயே எடை போட்டு உடனே விடுற முறைலதான் ஓடிட்டு இருக்கு, கூட ஒரு அஃபிஷியல் உக்காந்திருப்பாரு, ஸ்கோர் அப்பப்ப எல்லார் போட்லயும் தெரியும், மீன தரைல போட்டா பெனால்டி டைம். கயாக் டோர்னமென்ட்ல அதுவும் வேணாம்னு அளவுப் பலகைல படுக்க வச்சு, கோட் நம்பரோட போட்டோ எடுத்து, ஆப்ல ஏத்திட்டு, மீன விட்டுடறாங்க. பணமும் குடுக்கறாங்க, ஜனமும் ஆப்ல உக்காந்து பாக்குது.

மூணாவது, செலவு. சின்ன கிளப்புக்கு போட்டுக்கு ஒரு அஃபிஷியல் எங்க போறதுன்னு கேட்டா அதுல நியாயம் இருக்கு. அதுக்குத்தான் ஒவ்வொரு போட்லயும் ரெண்டு பேரு இருக்கோம், குலுக்கல் போட்டு வேற வேற ஆள சேத்து விட்டா ஒருத்தர் இன்னொருத்தருக்கு சாட்சி. நல்ல டிஜிட்டல் ஸ்கேல் ஒண்ணோட விலை நம்ம ஒரு சீசன்ல பிளாஸ்டிக் லூருக்கு (போலி இரைக்கு) செலவு பண்றதுல ஒரு மூலைக்கு வராது.

மார்ச்ல எங்க கிளப் மீட்டிங் இருக்கு, இத எழுதியே குடுக்கப் போறேன். ஜூலை முதல் வாரத்துல இருந்து லேபர் டே (செப்டம்பர் முதல் திங்கள்) வரைக்கும் சிம்கோல நடக்கற எங்க எல்லா போட்டியும் போட்லயே எடை. கிளப்பே காலைல செக் பண்ணி சீல் வச்ச ஸ்கேல் குடுக்கணும், ஸ்கேல் நம்பரும் மீனும் ஒரே ஃப்ரேம்ல தெரியற மாதிரி வீடியோ எடுக்கணும், மீன் தண்ணிக்கு வெளிய ஒரு நிமிஷத்துக்கு மேல இருக்கக் கூடாது. செப்டம்பர் கடைசி, அக்டோபர்ல தண்ணி குளிர்ந்ததுக்கு அப்புறம் மேடைய வச்சுக்கோங்க, அதுக்கு நானே வந்து நாற்காலி போடறேன். இலையுதிர் காலத்துலயும் ஆழத்துல பிடிச்சா காத்துப்பை பிரச்சினை இருக்கும்தான், அதப் பத்தி தனியா பேசுவோம், முதல்ல ஆகஸ்ட்ட சரி பண்ணுவோம். இதப் படிக்கற கிளப் ஆளுங்க யாராவது வேற கிளப்ல இந்த மாதிரி நடத்திப் பாத்திருந்தா, குறிப்பா அலை ஆடறப்ப ஸ்கேல் நம்பர் நிக்காம துள்ளுற பிரச்சினைய எப்படி சமாளிச்சீங்கன்னு கமென்ட்ல எழுதுங்க, மீட்டிங்ல முதல் கேள்வியே அதுவாத்தான் வரும்.