பாறையின் மொத்த அளவீட்டில் நிக்கல் அதிகம் என்றால் தாது உறுதியா?

"டியூனைட் பாறையில் 0.25 சதவீதம் நிக்கல் இருக்கிறது, ஆகவே கீழே நிக்கல் தாது நிச்சயம்" என்று ஒருவர் எழுதியிருப்பது தவறான முடிவு. டியூனைட் போல ஆலிவின் (மெக்னீசியம், இரும்பு கொண்ட பச்சைக் கனிமம்) நிறைந்த எந்தப் பாறையிலும் அந்த அளவு நிக்கல் சாதாரணமாகவே இருக்கும். அது ஆலிவினின் படிகக் கட்டமைப்புக்குள் மெக்னீசியத்தின் இடத்தில் அமர்ந்திருக்கும் நிக்கல். தாதுத் துகள்களை நுரையில் மிதக்கவிட்டுப் பிரிக்கும் வழக்கமான மிதப்பு முறையில் அதைப் பிரித்தெடுக்க முடியாது. பென்ட்லாண்டைட் போன்ற சல்பைடு கனிமத்தில் (உலோகம் கந்தகத்தோடு சேர்ந்த கனிமத்தில்) எவ்வளவு நிக்கல் இருக்கிறது என்பதே கேள்வி. எனவே மொத்த நிக்கலோடு கந்தகத்தையும் சல்பைடு நிக்கலையும் தனியே அளந்தாக வேண்டும்.

அதைவிட முக்கியமானது செம்பு–பல்லேடியம் விகிதம். மாக்மாவிலிருந்து (உருகிய பாறைக் குழம்பிலிருந்து) சல்பைடு உருகல் பிரியும்போது, பல்லேடியம் உள்ளிட்ட பிளாட்டினக் குழுத் தனிமங்களைச் செம்பைவிடப் பல மடங்கு வலுவாக இழுத்துக்கொள்கிறது; அதனால் மீதமுள்ள மாக்மாவில் இந்த விகிதம் ஏறும். மூல மேலுறையில் (பூமியின் மேலோட்டுக்குக் கீழுள்ள மேன்டிலின் ஆதி நிலையில்) இந்த விகிதம் ஏறத்தாழ 7,000. பாறையில் அது பல பத்தாயிரங்களுக்கு ஏறியிருந்தால், அந்த மாக்மா முன்பே எங்கோ சல்பைடை இழந்துவிட்டது என்று பொருள்.

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள்: இப்படி உலோகங்கள் வற்றிய பாறை எப்போதும் கெட்ட செய்தி அல்ல; இழந்த சல்பைடு அருகிலேயே தாதுவாகத் தங்கியிருக்கலாம். சைபீரியாவின் நொரில்ஸ்க் பகுதியில் நடெஸ்டின்ஸ்கி எரிமலைக் குழம்புப் பாறைகளில் நிக்கல், செம்பு, பிளாட்டினம் மூன்றுமே வற்றியிருக்கின்றன. உலகின் மிகப் பெரிய நிக்கல்–பல்லேடியத் தாதுக்களுள் சில இருப்பதும் அதே பகுதியில்தான்.

ஒற்றை எண்ணை வைத்துத் துளையிடப் பரிந்துரைக்காதீர்கள். முதலில் கந்தக அளவையும் பல்லேடிய அளவையும் இங்கே பதிவிடுங்கள்.