வாரத்துக்கு 40 மணி நேரம் தெரபி: இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது?

பிள்ளைக்கு ஆட்டிசம் என்று டாக்டர் சொன்ன கையோடு பல பெற்றோர் காதில் விழுவது, "வாரத்துக்கு 40 மணி நேரம் ஏபிஏ கொடுத்தால் பாதிப் பேர் நார்மல் ஆகிவிடுவார்கள்" என்ற பேச்சு. ஏபிஏ என்பது, ஒரு திறனைச் சிறு படிகளாகப் பிரித்து, சரியாகச் செய்தால் பரிசு தந்து பழக்கும் பயிற்சி. அந்தப் பேச்சை நம்பி நகையை அடகு வைக்கிறார்கள், அம்மா வேலையை விடுகிறார். அந்தப் பேச்சுக்கு என்ன ஆதாரம் என்று கேட்க அவர்களுக்கு முழு உரிமை இருக்கிறது.

அமெரிக்காவில், லாஸ் ஏஞ்சலிஸில், உளவியலாளர் இவார் லோவாஸ் 1987-இல் வெளியிட்ட ஆய்வுதான் இதன் வேர். வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல் தீவிரப் பயிற்சி பெற்ற 19 பிள்ளைகளில் 9 பேர் சாதாரண வகுப்பில் தேறினார்கள். ஐக்யூவும் சராசரியைத் தொட்டது. 47 சதவீதம்! ஆனால் எந்தப் பிள்ளை தீவிரப் பயிற்சிக் குழுவில், எந்தப் பிள்ளை ஒப்பீட்டுக் குழுவில் என்பதைக் குலுக்கிப் போட்டு முடிவு செய்யவில்லை. பயிற்சியாளர்களுக்கு நேரம் இருந்ததா என்பதை வைத்தே பிரித்தார்கள். அதட்டுவதும், சில சமயம் தொடையில் அடிப்பதும் அந்தப் பயிற்சியின் பகுதிகள். இதையெல்லாம் யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை.

லோவாஸுடன் பணியாற்றிய டிரிஸ்ட்ராம் ஸ்மித், 28 பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த ஆய்வு 2000-இல் வந்தது. வாரத்துக்குச் சுமார் 25 மணி நேரம். ஐக்யூ கூடியது, ஆனால் பழைய அளவுக்கு இல்லை. உடுத்துவது, தானே சாப்பிடுவது போன்ற அன்றாடத் திறன்களில், பெற்றோருக்கு மட்டும் பயிற்சி தந்த குழுவை இவர்கள் முந்தவில்லை. 2018-இல், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு இந்த வகைத் தீவிரப் பயிற்சியை அலசியபோது தேறியவை 5 ஆய்வுகள், 219 பிள்ளைகள். அவற்றிலும் குலுக்கல் முறையில் நடந்தது ஒன்றே ஒன்று. பலன் தெரிகிறது, ஆதாரம் பலவீனம் என்று எழுதினார்கள். நேர்மையான வாக்கியம் அது.

எதை அளந்தார்கள், யார் அளந்தார்கள் என்பதில்தான் பெரும்பாலான ஆய்வுகள் வழுக்குகின்றன. மேஜையில் மூன்று படஅட்டைகள். "பந்து எது?" என்று அதே தெரபிஸ்ட் ஆறு மாதம் கேட்கிறார், தொட்டால் ஒரு சிப்ஸ். கடைசியில் அதே அட்டைகளை வைத்தே சோதித்தால் 90 சதவீதம் சரியாக வரும். வீட்டில் கட்டிலுக்கு அடியில் உருண்டு போன பந்தை அந்தப் பிள்ளை கேட்டு வாங்குமா? அந்த 90-க்குள் இதற்குப் பதில் இல்லை. மதிப்பெண் போடுபவருக்கு எந்தப் பிள்ளை சிகிச்சை பெற்றது என்று தெரிந்திருந்தால், அறியாமலே கை தாராளமாகிவிடும். மாதக்கணக்கில் பாடுபட்ட பெற்றோர் நிரப்பும் படிவத்திலும் நம்பிக்கை கலந்துவிடும். 2020-இல் அமெரிக்க ஆய்வாளர் மைக்கேல் சாண்ட்பேங்கின் குழு 150 ஆய்வறிக்கைகளைச் சேர்த்துப் பார்த்தது. குலுக்கல் முறை ஆய்வுகளை மட்டும் வைத்து, இப்படிச் சாய வாய்ப்புள்ள அளவீடுகளைக் கழித்ததும், எந்த வகைச் சிகிச்சைக்கும் உறுதியான பலன் மிஞ்சவில்லை. 2023-இல் அதே குழு 252 ஆய்வுகளை எடுத்தபோது, பிள்ளையின் விளையாட்டுக்குள் புகுந்து சொல்லித்தரும் முறைகளுக்குச் சமூகத் தொடர்பில் மிதமான பலன் நின்றது.

மணிக்கணக்கு? வாரம் 15 மணி, 25 மணி என்று பிரித்து 87 பிள்ளைகளிடம் ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வு 2021-இல் வந்தது. மொத்தத்தில் வித்தியாசம் இல்லை. நேரம் கூடக்கூடப் பலனும் கூடும் என்பதற்கு 144 ஆய்வுகளைத் திரட்டிய 2024 அலசலிலும் உறுதியான சான்று கிடைக்கவில்லை. மணிக்கு இவ்வளவு என்று பில் போடும் சென்டருக்கு 40 மணி லாபம், நாள் முழுக்க நாற்காலியில் உட்காரும் மூன்று வயதுப் பிள்ளைக்கு அது பாரம்.

நம் பக்கத்திலேயே நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். கோவாவிலும் ராவல்பிண்டியிலும் 65 பிள்ளைகளோடு நடந்த 'பாஸ்' ஆய்வு 2016-இல் வெளியானது. நிபுணர் அல்லாத பணியாளர்கள், 6 மாதத்தில் 12 அமர்வுகள். பெற்றோர் பிள்ளையோடு விளையாடுவதை வீடியோ எடுத்து, அதைப் பார்த்தே பேசித் திருத்தினார்கள். பெற்றோர் பிள்ளையின் போக்குக்கு இசைந்து பேசுவதும், பிள்ளை தானாகப் பேச்சைத் தொடங்குவதும் கூடின. ஆனால் இருவரும் ஒரே பொருளில் கவனம் வைக்கும் நேரம் குறைந்தது. பாதகமான முடிவையும் மறைக்காமல் எழுதியதாலேயே இந்த ஆய்வை நம்புகிறேன்.

சென்டரில் பணம் கட்டுமுன் இலக்கை எழுதி வாங்குங்கள். "கம்யூனிகேஷன் இம்ப்ரூவ் ஆகும்" என்பது இலக்கே இல்லை. "தண்ணீர் வேண்டும் என்பதை வீட்டில், பாட்டியிடம், தூண்டாமல், சொல்லாலோ சைகையாலோ படத்தாலோ தெரிவிப்பது" என்று இருக்கட்டும். மூன்று மாதம் கழித்து, பயிற்சி தராத ஒருவர் பார்த்துச் சொல்லட்டும். தூக்கம் கெட்டதா, சென்டர் வாசலில் அழுகிறதா என்பதையும் அதே தாளில் குறியுங்கள். பெரும்பாலான ஆய்வுகள் இந்தப் பாதகங்களைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. பெற்றோர் உள்ளே வந்து பார்க்கக்கூடாது என்று சொல்லும் இடத்தில் பிள்ளையைச் சேர்க்காதீர்கள்.