எடை ஒத்துவந்தால் போதாது

பென்னாகரம் பக்கம் பெரியப்பா விட்டுப்போன, கையால் வெடிமருந்து அடைத்துக் கட்டிய துப்பாக்கித் தோட்டாக்களைச் சுடலாமா என்று தம்பி கேட்டதற்கு, “தராசில் வை, கம்பெனித் தோட்டா எடை வந்தால் தைரியமாகச் சுடு” என்று அண்ணன் ஒருவர் சொல்லியிருக்கிறார். தப்புங்க அண்ணா.

12 போர் துப்பாக்கித் தோட்டாவில் ரவை என்கிற ஈயக் குண்டுகள் மட்டுமே 30 கிராம் பக்கம் வரும். அதைத் தள்ளும் புகையில்லா வெடிமருந்து ஒன்றரை கிராம் சொச்சம்தான். எஸ்.ஜி. என்கிற பெரிய ரகக் குண்டு ஒன்றே அந்த மருந்து மொத்தத்தையும்விடக் கனம். மருந்து இரண்டு தடவை விழுந்திருந்தால் தராசு எப்படிக் காட்டும்?

உள்ளே என்ன மருந்து என்பது அதைவிடப் பெரிய கேள்வி. கருமருந்து என்கிற பழைய ரக வெடிமருந்தை அள்ளும் கரண்டியால், அதைவிட வீரியமான புகையில்லா மருந்தை அள்ளியிருந்தால் குழல் தாங்காது. குறைவாகப் போட்டிருந்தாலும் வம்புதான். ‘புஸ்’ என்று போய், மருந்துக்கும் ரவைக்கும் நடுவில் வைத்த தக்கை குழலுக்குள் நின்றுவிடும். கவனிக்காமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கும்.

பாலக்கோட்டில் எங்கள் வீட்டிலும் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய இருந்தது. ஒவ்வொரு தோட்டாவின் வாயிலும் மெழுகு, பக்கத்தில் பென்சிலால் ‘4’. ரவையின் பருமனைச் சொல்லும் நம்பரா, மருந்தளவா? கட்டியவர் போய்ச் சேர்ந்து பல வருஷம்.

அப்புறம், உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பதையே 1959 ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவு தடுக்கிறது. துப்பாக்கிக்கு லைசென்ஸ் இருப்பது வேறு விஷயம். தம்பி, பிரித்துப் பார்க்கவும் வேண்டாம். டப்பாவை வைத்த இடத்திலேயே விட்டு ஸ்டேஷனுக்குப் போன் போடு, அவர்களே வந்து எடுத்துக்கொள்ளட்டும்.