பூனை வளர்க்கும் முன் கடலூர்க்காரர்கள் யோசிக்க வேண்டியது

பூனைக்கு அதிக கவனிப்பு தேவையில்லை, தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் என்று பூனை வளர்ப்பு பற்றிய உங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். அதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. வீட்டுக்குள் வளரும் பூனை 15 வருடம்கூட இருக்கும். அத்தனை வருடமும் சாப்பாடு, தடுப்பூசி, மருத்துவம் எல்லாம் நம் பொறுப்புதான்.

எங்கள் கடலூர்ப் பக்கம் தயிர்சாதமும் பாலும் வைத்தே வளர்க்கிறவர்கள் உண்டு. பூனை மாமிசம் தின்று வாழும் பிராணி. டாரின் என்ற சத்து அதற்கு இறைச்சி, மீனிலிருந்துதான் கிடைக்கும்; அது குறைந்தால் கண்பார்வையும் இதயமும் கெடும். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காமல் வயிற்றுப்போக்கு வரும். துறைமுகத்தில் மலிவாகக் கிடைக்கிறதே என்று மத்தி மீனைத் தினமும் பச்சையாகப் போடவும் கூடாது, அதில் தையமின் என்ற வைட்டமின் பி1 சத்தை அழிக்கும் பொருள் இருக்கிறது. வேகவைத்து, முள் எடுத்துக் கொடுங்கள். அப்புறம், காய்ச்சல் என்று நினைத்து பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். ஒரு மாத்திரையே உயிரை எடுத்துவிடும்.

குட்டியை 8 வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரிக்க வேண்டாம். 5 மாத வாக்கில் கருத்தடை. புதுச்சேரியில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, கேட்டுக்கொள்ளலாம்.

முக்கியமாக மழைக்காலம். 2011 'தானே' புயல், 2024 'ஃபெஞ்சல்' புயல் இரண்டையும் பார்த்த ஊர் இது. தண்ணீர் ஏறும் தெருவில் இருப்பவர்கள் கதவுள்ள கூடை ஒன்றை முன்பே வாங்கி வையுங்கள். முகாமில் பூனையைச் சேர்க்காவிட்டால் எந்த உறவினர் வீட்டில் விடுவது என்பதையும் இப்போதே பேசி வைத்துவிடுங்கள்.